கடலுக்குப் போற தண்ணியை வீண்னு எழுதாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் கொள்ளிடம் ஆறு கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்குற ஒரு மீனவ ஊர்க்காரன், அப்பா தாத்தா எல்லாம் கடலுக்குப் போனவங்க, நான் மீன் ஏலக்கூடத்துல கணக்கு எழுதுறேன். உங்க பேப்பரை சின்ன வயசுல இருந்து படிக்கிறேன், எங்க ஊர் டீக்கடையில காலையில முதல்ல யாரு கையில எடுக்குறதுன்னு போட்டியே நடக்கும். லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவை, போன்லயே டைப் பண்றேன், தப்பு இருந்தா திருத்திக்கோங்க.

போன வாரம் முதல் பக்கத்துல முக்கொம்புல தண்ணி பாயுற பெரிய போட்டோ போட்டு "வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீர்"னு ஹெட்லைன் போட்டிருந்தீங்க. நீங்க மட்டும் இல்ல, மேட்டூர் ரொம்புனா ஒவ்வொரு வருஷமும் எல்லா பேப்பரும் எல்லா டிவியும் இதே வார்த்தையைத்தான் போடுறாங்க, வாட்ஸ்அப்ல மூணு நாளைக்கு இதேதான் ஓடும். அந்த "வீணாக"ங்கற ஒரு வார்த்தையைப் பத்தித்தான் ஐயா இந்த லெட்டர். அந்தத் தண்ணி வீணா போய்ச் சேர்ற இடம்னு நீங்க சொல்றது எங்க ஊரு.

முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க. ஆடி மாசம் எங்க பக்கம் ஒரு சொட்டு மழை இருக்காது, கச்சான் காத்து அனலா அடிக்கும், மண்ணு வெடிச்சு கிடக்கும், ஆனா ஆத்துல செக்கச்செவேல்னு தண்ணி வரும். சின்ன வயசுல எனக்கு இது பெரிய அதிசயம். அந்த மழை எங்க மழையே இல்ல, தென்மேற்கு பருவக்காத்து மேற்குத் தொடர்ச்சி மலையில முட்டி குடகுலயும் வயநாட்டுலயும் கொட்டுற மழை. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும், இந்தப் பக்கம் கோயம்புத்தூர், பல்லடம் எல்லாம் மழை மறைவுல காயும். நம்ம மாநிலத்துக்கு வருஷ சராசரி மழை சுமாரா 920 மில்லிமீட்டர், அதுல கிட்டத்தட்ட பாதி ஐப்பசி கார்த்திகையில வர்ற வடகிழக்கு பருவமழைதான், ஆனா அந்த மழை பெய்யுறதுக்கு முன்னாடியே ஆத்தை நிரப்பி விடுறது மலை மேல விழுற இன்னொரு மழை. ரெண்டு காத்து ரெண்டு மழைன்னு நமக்குக் கிடைச்சிருக்கு, மலை, ஆறு, ஏரி, காயல், கடல் எல்லாமே இந்த ரெண்டையும் வாங்கித்தான் உயிரோட இருக்கு.

இப்ப நீலகிரிக்கு மேல போங்க. முக்குருத்தி பக்கம் புல்வெளியும் பள்ளத்துக்குப் பள்ளம் சோலைக்காடுமா இருக்கு, அங்கதான் வரையாடு மேயுது, நம்ம மாநில விலங்கு. அந்தப் புல்லும் சோலையும் மழையை அப்படியே உறிஞ்சி வெச்சுக்கிட்டு மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா விடும். வெள்ளைக்காரன் காலத்துல இருந்து அங்க தைலமரம், சீகை மரம்னு நட்டு புல்வெளி நிறைய போயிடுச்சு, மிச்சம் இருக்குறதைத்தான் இப்ப காப்பாத்திட்டு இருக்காங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சே, அந்த மாதிரி மழையைத் தாங்குறது அந்தக் காடுதான். அங்க வடியுற தண்ணி பைக்காரா, மோயாறுன்னு இறங்கி முதுமலை யானைக்கும் புலிக்கும் பாறு கழுகுக்கும் குடிக்கக் கொடுத்துட்டு பவானிசாகர்ல சேர்ந்து, பவானி கூடுதுறையில காவிரியோட கலந்து, முக்கொம்புல ரெண்டா பிரிஞ்சு கொள்ளிடமா எங்க ஊருக்கு வருது. வரையாடு நிக்கிற பாறையில விழுந்த மழைதான் ஐயா எங்க ஊரு நண்டு மேல வந்து சேருது. நடுவுல எத்தனை அணை, எத்தனை மதகு இருந்தாலும் இது ஒரே தண்ணி.

அது எங்க ஊருக்கு வந்து என்ன பண்ணுதுன்னு சொல்றேன், எனக்குத் தெரிஞ்ச விஷயம் அதான்.

கொள்ளிடத்துக்கும் வெள்ளாத்துக்கும் நடுவுலதான் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு இருக்கு, உப்புத் தண்ணியில வளர்ற மாங்குரோவ் காடு. போட்டுல போய் செல்ஃபி எடுக்குறவங்களுக்கு அது டூரிஸ்ட் இடம், எங்களுக்கு அது நாத்தங்கால். வயல்ல நாத்து விட்டு வளர்க்குற மாதிரி மீனும் இறாலும் அங்கதான் வளருது. வெள்ளை இறால் கடல்ல முட்டை விடும், குஞ்சு பொடிசா, கடல் தண்ணி ஏறுற ஏத்தத்தோட, ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரம் வழியா உள்ள வரும், வேர் இடுக்குல மறைஞ்சு சேத்துல இருக்குறதைத் தின்னு வளர்ந்து, பெருசானதும் மறுபடி கடலுக்குப் போகும். மடவையும் அப்படித்தான், கொடுவா குஞ்சும் இங்கதான் சுத்தும். களி நண்டு வேருக்கடியில வளை தோண்டி இருக்கும். இருளர் பெண்கள் வாயில மீன் போடுற கூடையை, பறின்னு சொல்வோம், கவ்விக்கிட்டு ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவி இறால் பிடிப்பாங்க, கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டு, ஒரு நாள் முழுக்க. அவங்ககிட்ட போய் "ஆத்துத் தண்ணி வீணா போகுதாமே"ன்னு சொல்லிப் பாருங்க.

இந்த மரங்கள் உப்பைத் தாங்கும்தான், அலையாத்தி இலையை நாக்குல வெச்சு பாருங்க, கரிக்கும், உறிஞ்சுன உப்பை இலை வழியா வெளிய தள்ளிடும். ஆனா தாங்குறதுக்கும் ஒரு அளவு இருக்கு. விதை விழுறது மழைக்காலத்துல, அப்ப நல்ல தண்ணி வந்து உப்பு குறைஞ்சாதான் அது வேர் பிடிக்கும். நல்ல தண்ணி வராம வெயில்ல காயலோட உப்பு ஏறிக்கிட்டே போனா பெரிய மரமே பட்டுப் போகும். பிச்சாவரத்துலயும் முத்துப்பேட்டையிலயும் இது நடந்திருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல மொத்தமா வெட்டுனதுல நிலம் பள்ளமாகி, உப்புத் தண்ணி தேங்கி, நடுவுல வெறும் பொட்டலாயிடுச்சு. அப்புறம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன் முள்ளு மாதிரி வாய்க்கால் வெட்டி, ஏத்த வத்தத் தண்ணி வந்து போக வழி பண்ணி, கன்னு நட்டுத்தான் காடு திரும்ப வந்துச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்ப அந்தக் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்க தப்பிச்சதை நாங்க கண்ணால பாத்தோம், காடு இல்லாத ஊருங்க என்ன ஆச்சுன்னும் பாத்தோம். அதுக்கு மேல எனக்கு எழுத வரல. 2022-ல பிச்சாவரத்துக்கு, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்குற ராம்சார் பட்டியல்ல இடம் கிடைச்சுச்சு, உங்க பேப்பர்லயே பெருமையா போட்டிருந்தீங்க, நான் வெட்டி வெச்சிருக்கேன். அந்தக் காடு குடிக்கிற தண்ணியைத்தான் இப்ப வீண்னு போட்டிருக்கீங்க.

வெள்ளம் வந்த பிறகு ஏலக்கூடத்துக்கு வந்து பாருங்க. கலங்கல் தண்ணி கடலுக்குள்ள தூரம் வரைக்கும் ஒரு கோடு மாதிரி தெரியும், ஒரு பக்கம் செம்மண் கலரு ஒரு பக்கம் நீலம். அந்த மண்ணோட வர்ற சத்துலதான் கடல்ல கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், அதைத் தின்ன பொடி மீன் வரும், பொடி மீனைத் தின்ன பெரிய மீன் வரும். ஆத்துல நல்லா தண்ணி வந்த வருஷத்துக்கும் வராத வருஷத்துக்கும் இறால் வரத்துல எவ்வளவு வித்தியாசம்னு என் நோட்டைப் பாத்தாலே தெரியும். எங்க தாத்தா உள்ளம் மீனைப் பத்தி சொல்லிக்கிட்டே இருப்பாரு, வங்காளத்துல இலிஷ்னு கொண்டாடுறாங்களே அதே மீன்தான், கடல்ல இருந்து ஆத்துல ஏறி முட்டை போடுற சாதி. ஆத்துக்குக் குறுக்க கல்லும் கதவும் வந்த பிறகு அது ஏற வழி இல்லாம போயிடுச்சு, இப்ப எப்பவாவது வலையில ஒண்ணு ரெண்டு மாட்டுனா பெரியவங்க கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் கூடையில போடுவாங்க.

மணலையும் சொல்லணும். கரையில இருக்குற மணல் கடல் தானா செஞ்சதுன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. அதுல நிறைய, ஆறு கொண்டாந்து கொடுத்தது, அதை கடல் நீரோட்டம் வடக்கால இழுத்துக்கிட்டே போகும், ஆறு புதுசா கொடுக்கலைன்னா கரை தேயும். சென்னையில துறைமுகம் கட்டுன பிறகு தெக்க மெரினாவுல மணல் சேர்ந்துச்சு, வடக்க ராயபுரம் பக்கம் கடல் தின்னுச்சு, மணல் ஓட்டத்தை ஒரு இடத்துல மறிச்சா என்ன ஆகும்னு அங்கேயே தெரியும். இங்க மணல் மேட்டூர்ல நிறைய தங்கிடுது, மிச்சத்தை ஆத்துக்குள்ளயே லாரியில அள்ளிட்டாங்க. தை மாசியில முட்டை போட வர்ற பங்குனி ஆமைக்கு மேடான மணல் வேணும், எங்க பசங்க ராத்திரி டார்ச்சை அணைச்சுட்டு உக்காந்து காவல் காப்பாங்க, சில இடத்துல இப்ப ஆமை ஏற கரையே இல்ல.

மணல் அள்ளுனதால இன்னொண்ணும் நடந்துச்சு. ஆத்துப் படுகை கீழ இறங்கிடுச்சு, அதனால ஆத்துல தண்ணி இல்லாத மாசத்துல கடல் தண்ணி பல கிலோமீட்டர் உள்ள ஏறி வந்துடுது. எங்க ஊருக்கு மேக்கால இருக்குற விவசாய ஊருங்கள்ல எங்க அம்மா காலத்துல கைபம்புல குடிச்ச தண்ணி இப்ப வாயில வெக்க முடியாது. சென்னைக்கு வடக்க மீஞ்சூர் பக்கம் நிலத்தடித் தண்ணியை அளவுக்கு மேல உறிஞ்சி கடல் தண்ணி நிலத்தடிக்குள்ள புகுந்த கதை எல்லாருக்கும் தெரியும், எங்களுக்கு அது மேலயும் வருது, கீழயும் வருது. ஆத்துல இறங்கி வர்ற நல்ல தண்ணிதான் அதைத் திருப்பித் தள்ளுது. ஆடியில ஒரு தடவை, கார்த்திகையில ஒரு தடவை அப்படித் தள்ளி விடலைன்னா டெல்டாவோட கடைமடை நிலம் முழுக்க உப்பாயிடும்.

இதை எழுதுறப்ப என்கூட பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு கூட்டாளி ஞாபகம் வருது, சீர்காழி பக்கம் கடைமடையில அவனுக்கு கொஞ்சம் நிலம். இந்த விஷயத்துல எனக்கும் அவனுக்கும் பெரிய சண்டையே வந்துச்சு. "எங்க வாய்க்கால்ல தண்ணி எட்டிப் பாக்கல, நீ என்னடா கடலுக்கு விடச் சொல்றே"ன்னு கத்துனான். அவன் கோபம் நூத்துக்கு நூறு நியாயம். ஜூன் 12-ல மேட்டூர் திறந்துட்டாங்கன்னு டிவியில காட்டுவாங்க, கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகுதுன்னு அவனுக்குத்தான் தெரியும். ஆனா நான் அவனை உக்கார வெச்சு கணக்குப் போட்டுக் காட்டுனேன். நொடிக்கு ஒரு லட்சம் கனஅடி தண்ணி ஒரு நாள் முழுக்க ஓடுனா 8.64 டிஎம்சி, ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கனஅடி. மேட்டூர் மொத்தமே 93.47 டிஎம்சி, அதாவது அந்த மாதிரி வெள்ளம் பதினோரு நாள் ஓடுனா இன்னொரு மேட்டூர். டெல்டா தட்டையான நிலம், இங்க கட்டுற ஒரு கதவணை ஒரு டிஎம்சி கூட பிடிக்காது. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல வெள்ளைக்காரன் காலத்துக் கதவணையில ஒன்பது மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சே, அந்த வேகத்துல வர்ற தண்ணியை எங்க நிறுத்துறது? கொள்ளிடம் இருக்குறதே அந்த வேகத்தைக் கடலுக்குக் கொண்டு போகத்தான், அது இல்லைன்னா தஞ்சாவூரும் கும்பகோணமும் என்ன ஆகும்? அதே வெள்ளத்துல எங்க பக்கம் முதலைமேடுதிட்டு, நாதல்படுகை சனங்க வீட்டை விட்டுட்டு மேட்டுல வந்து கிடக்குறாங்க, அந்தக் கஷ்டத்தையும் நான் மறைக்கல. முதலைமேடுன்னு பேரு சும்மா வரல, அணைக்கரையில இருந்து இந்தப் பக்கம் கொள்ளிடத்துல முதலை இப்பவும் இருக்கு, வெள்ளத்துல குளத்துக்கு வாய்க்காலுக்கு வந்துடும், துணி துவைக்கப் போறவங்க பயந்துகிட்டுத்தான் இறங்குறாங்க.

அவன் கடைசியா கேட்டது வாய்க்காலைத் தூர் வாருறது, ஏரியை ஆழப்படுத்துறது, உப்புத் தண்ணி உள்ள ஏறாம ஒரு தடுப்பு. அதுல எனக்கும் அவனுக்கும் ஒரு சண்டையும் இல்ல. அந்தத் தடுப்பையும் மழைக்காலத்துல திறந்து மூடுற மாதிரி, மீனு ஏறி இறங்குற மாதிரி கட்டட்டும்னுதான் நான் சொன்னேன். நம்ம மாநிலத்துல சுமார் 40 ஆயிரம் ஏரி கண்மாய் இருக்கு, வைகை தண்ணியை வழி நெடுக கண்மாய்ல பிடிச்சு மிச்சத்தை ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல சேர்த்தாங்க நம்ம முன்னோருங்க, மழை குறைஞ்ச சீமையில அதுதான் சரி. அணைக்கரையில தேக்கித்தான் வடவாறு வழியா வீராணத்துக்குத் தண்ணி போகுது, சென்னைக்காரங்களும் அதைக் குடிக்கிறாங்க. அதெல்லாம் ரொம்பட்டும், ரொம்பிட்டு வரட்டும். எங்க மழையும் சாதாரணம் இல்ல, 2022 நவம்பர் 11-ல சீர்காழியில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் கொட்டுச்சு, அன்னைக்கு அவன் வயல் முழுக்க கடல் மாதிரி நின்னுச்சு. அப்ப அவனே போன் பண்ணி "முகத்துவாரம் திறந்திருக்காடா, தண்ணி வடியுமா"ன்னு கேட்டான். முகத்துவாரம் திறந்து இருக்கறதே ஆத்துல தண்ணி ஓடுறதாலதான் ஐயா. ஓட்டம் இல்லைன்னா மணல் மூடிடும், பழவேற்காட்டுல பாருங்க, வாய் அடைச்சுக்கிட்டு படகு வெளிய போக முடியாம வருஷக்கணக்கா மணலைத் தோண்டச் சொல்லி போராடுனாங்க, ஏரிக்குள்ள கடல் தண்ணி வந்து போகலைன்னா பூநாரைக்கும் இரை இல்ல மனுஷனுக்கும் மீன் இல்ல.

இன்னொரு விஷயம், இது எனக்கே கொஞ்ச நாள் முன்னாடிதான் தெரிஞ்சுச்சு. 2007-ல காவிரி நடுவர் மன்றம் கொடுத்த தீர்ப்புல மொத்தம் 740 டிஎம்சியைப் பங்கு போட்டப்ப, கர்நாடகாவுக்கு இவ்வளவு தமிழ்நாட்டுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுட்டு, சுற்றுச்சூழலுக்குன்னு 10 டிஎம்சியும், தவிர்க்க முடியாம கடலுக்குப் போறதுன்னு 4 டிஎம்சியும் தனியா எழுதி வெச்சாங்க. 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் பங்கை மாத்துனப்பவும் அந்தப் பதினாலுல கை வெக்கல. இத்தனை வருஷம் சண்டை போட்டு, ஒரு டிஎம்சிக்கு ரெண்டு மாநிலம் அடிச்சுக்கிட்ட வழக்குலயே ஆத்துக்கும் கடலுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. பேப்பர்ல மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்குறோம்?

நெய்வேலி நிலக்கரி, அரியலூர் சுண்ணாம்புக்கல், நரிமணம் எண்ணெய்னு தரைக்கடியில இருக்குறதை எல்லாம் இயற்கை வளம்னு பள்ளிக்கூட புக்குல போடுறாங்க, பசங்களும் மனப்பாடம் பண்றாங்க. கலங்கல் தண்ணியும் அது கொண்டு வர்ற வண்டலும் சேறும் வளம்னு எந்தப் பாடத்துலயும் நான் படிக்கல. தோண்டி எடுத்தா தீர்ந்து போறது அது, வருஷா வருஷம் தானா வந்து சேர்றது இது. டெல்டாவே அந்த வண்டல்ல உருவான மண்ணுதான். பூம்புகார் பெரிய துறைமுகமா இருந்த ஊரு, இன்னைக்கு அங்க காவிரி கடல்ல சேர்ற இடத்தைப் பாத்தா ஒரு வாய்க்கால் மாதிரிதான் இருக்கு, முதல் தடவை என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனப்ப "இதான் காவிரியாப்பா"ன்னு கேட்டா. மிச்சம் இருக்குற ஒரு பெரிய வாய் கொள்ளிடம்தான்.

அதனால ஐயா, நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, அந்த "வீணாக"ங்கற வார்த்தையை விட்டுடுங்க, "கொள்ளிடத்தில் இத்தனை ஆயிரம் கனஅடி"ன்னு மட்டும் போடுங்க, ஏரியில தேக்க முடிஞ்சதைத் தேக்காம விட்டிருந்தா எந்த ஏரி எந்த வாய்க்கால்னு பேரோட போட்டு கேள்வி கேளுங்க, நாங்களும் சேர்ந்து கேக்குறோம். இன்னொண்ணு, தினமும் மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம்னு ஒரு கட்டம் போடுறீங்களே, அதுல கீழ ஒரு வரி சேருங்க, கடல்ல சேர்ந்தது எவ்வளவுன்னு. தண்ணியே வராத மாசத்துல அந்த வரியில பூஜ்யம்னு போடுங்க. அந்தப் பூஜ்யத்தைப் பாத்தாத்தான் எங்க பக்கம் என்ன நடக்குதுன்னு மத்தவங்களுக்குப் புரியும்.

உங்க ரிப்போர்ட்டர் யாரையாவது அனுப்புங்க, கார்த்திகையில மழை ஓஞ்ச ஒரு நாள் காலையில வரச் சொல்லுங்க, கடல் தண்ணி இறங்குற வத்தத்துல வந்தா நல்லது, சேத்துல களி நண்டு வளை எல்லாம் தெரியும், நீர்நாய் கூட சில நாள் கரையோரம் மீன் தின்னுக்கிட்டு இருக்கும். படகு எங்களோடதே இருக்கு, காசு எதுவும் வேணாம். கலங்கல் கடலைத் தொடுற இடம் வரைக்கும் நானே கூட்டிட்டுப் போறேன், அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்து முதல் பக்கத்துல போடுங்க.

இப்படிக்கு,
கொள்ளிடம் முகத்துவாரத்துல இருந்து உங்க நெடுநாள் வாசகன்